தவளை வரைந்து வாங்கிய கல்யாண அரிசி

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். முப்பதைத் தாண்டியாயிற்று. பாதிப் பேர் தலைக்குச் சாயம் அடிக்கிறோம், மீதிப் பேர் அடித்துக்கொண்டே இல்லை என்கிறோம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை ஊன்ற வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்து இறங்கிய காலத்தில் நாம் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் முதல் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியபோது அதைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தவர்கள் நாம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருக்கும் அம்மாவுக்கும் பெற்றோர் இல்லை. அம்மாதான் வளர்த்தாள். கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு வந்து, செம்மண்டலத்தில் எங்கள் வாடகை வீட்டின் மாடி அறையில் தங்கியிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் பிளேடால் சீவிய பென்சில்கள் குத்திக்கொண்டு நிற்கும். துவைக்கும்போது அம்மா விரலைக் குத்திக்கொள்வாள், திட்டுவாள், பென்சிலைத் துடைத்து ஜன்னலில் பத்திரமாக வைப்பாள்.

மாமாவிடம் காசு இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு எதுவும் குறைவாக இருந்ததும் இல்லை. எங்கள் தெரு சலூனில் மற்ற சலூன்களைப் போல நடிகர்கள் படம் கிடையாது. சுவர் முழுக்க செம்மண்டலத்து ஆட்கள், அவரவர் தலைமுடியோடு. எல்லாம் மாமா வரைந்தவை. ஒரு படத்துக்கு ஒரு கட்டிங். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு அந்த லைன்மேன் மாதிரி வெட்டுப்பா," என்று சுவரைக் காட்டுவார்கள். லைன்மேன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அப்பாவுக்கு இது பிடிக்காது. குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர். தென்காற்று அடித்தால் அவர் வருவதற்கு முன்பே அவர் கம்பெனி வாசனை வீட்டுக்கு வந்துவிடும். மாதச் சம்பளம் என்பதைத் தவிர வேறெதையும் அவர் வருமானமாக ஒத்துக்கொண்டதில்லை.

"பாவம்னு செய்யுறாங்க உன் தம்பிக்கு," என்பார் அம்மாவிடம். "படத்த வாங்கிக்கிட்டு எவனாவது ஒரு வேலை செய்வானா? மொகத்துக்காக செய்யுறான்."

"அவன் மொகத்துக்கா, அவன் வரையுற மொகத்துக்கா?" என்று அம்மா கேட்பாள். அப்பா பேப்பரைத் திருப்புவார்.

ஐப்பசி மழையில் நாங்கள் நால்வரும் சிதம்பரத்துக்குப் பெண் கேட்கப் போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ் நின்று நின்று போயிற்று. ஜன்னல் ஷட்டர் இறங்காததால் என் பாவாடை முழுக்க நனைந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியதைக் காட்டி, "இந்தக் கலர் கலக்கவே முடியாதுடீ," என்று மாமா சொன்னார். பெண் கேட்கப் போகிறவர் பேசுகிற பேச்சா என்பதுபோல அப்பா பார்த்தார்.

பெண், மாமாவோடு கல்லூரியில் படித்தவர். பிறகு எனக்கு அத்தையானவர். எனவே இப்போதே அத்தை என்று சொல்லிவிடுகிறேன். வீடு ரயிலடி பக்கம். அத்தையின் அப்பா தாலுக்கா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எதிரில் இருப்பவர்களை எல்லாம் மனு கொடுக்க வந்தவர்களாகப் பார்க்கும் பார்வை.

"மாப்ள இன்னா பண்றாரு?"

"படம் வரையுறாங்க," என்றாள் அம்மா.

"அது தெரியுது. சம்பாத்தியத்துக்கு இன்னா பண்றாரு?"

மாமாவே பதில் சொன்னார். "அதுவும் படம்தான் சார்."

"இவளும் படம், நீங்களும் படம். பசிச்சா பேப்பரத் திம்பீங்களா?"

"இல்ல சார், வேண்டியது படத்துலயே கெடைக்குது. முடி வெட்டுறது, சைக்கிள் ரிப்பேரு, டீக்கடை, எல்லாம் படம் குடுத்துதான். உங்க பொண்ணும் அப்படித்தான். பல்லு புடுங்குன டாக்டருக்குக்கூட படம்தான் குடுத்தாங்க."

இந்தச் செய்தி ஹெட் கிளார்க்குக்குப் புதிது போலிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது.

"அப்ப கல்யாணத்தையும் அப்படியே பண்ணிக்குங்க! எங்கிட்ட ஒரு பைசா கேக்கக் கூடாது. உங்க அக்கா வூட்டுலயும் வாங்கக் கூடாது. கடன் வாங்கக் கூடாது. மண்டபம் புடிச்சு, மேளம் வச்சு, ஊரக் கூட்டி பந்தி போட்டு, அத்தினியும் படத்தக் குடுத்து நடத்திக் காட்டுங்க. பொண்ணத் தர்றேன்."

அடுக்களை வாசலில் காபித் தட்டோடு நின்ற அத்தை கேட்டாள்.

"தையில வச்சுக்கலாமாப்பா?"

திரும்பும் பஸ்ஸில் அப்பா அம்மாவிடம் சொன்னார். "நாசூக்கா முடியாதுன்னுட்டாரு. கெட்டிக்கார மனுசன்." முன்சீட்டில் மாமா, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு பந்தல் வரைந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். என் அம்மா இருக்கும் வீடு என்பதால் அத்தையின் அப்பா தடுக்கவில்லை. கல்யாணம் நடக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையும் காரணமாக இருக்கலாம். மாமாவுக்கு எதிரில் ஆள் இருக்க வேண்டும், பார்த்து வரைவார். அத்தைக்கு ஆளே வேண்டாம். சொன்னால் போதும், சொன்னது கண்முன் வந்துவிடும்.

முதலில் அரிசி. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரின் மகள் பிளஸ் டூ படித்தாள். விலங்கியல் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைய வேண்டும். அவள் வரைந்த தவளையைக் கடைக்காரர் கல்லாவில் வைத்து மாமாவிடம் காட்டினார்.

"நீயே சொல்லு தம்பி. இது தவளையா, சப்பாத்தியா?"

மாமாவும் அத்தையும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து தவளையின் இரத்த ஓட்டம், கரப்பான்பூச்சியின் வாயுறுப்பு, மண்புழுவின் குடல் எல்லாம் வரைந்தார்கள். நான் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் மாறி மாறி ஓட, காலை விரித்து மல்லாந்து கிடக்கும் தவளையின் நெஞ்சுக்குள் இதயம் துடிப்பது போலவே இருக்கும். அதைக் கண்ட மற்ற பெண்களும் வந்தார்கள். ஒருத்தியின் அப்பா தேங்காய் மண்டி, ஒருத்தியின் சித்தப்பா பண்ருட்டி பக்கம் வாழைத் தோப்பு.

பிறகு ஒருநாள் அவர்களுடைய விலங்கியல் மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். "கிளாஸ்ல எல்லாத் தவளையும் ஒரே மாதிரி சிரிக்குது. யாரு வேலை இது?" என்றார். மாமா மாடிக்கு ஓடிவிட்டார். அத்தைதான் முன்னால் வந்து, இனி வரைந்து தருவதில்லை, வரையச் சொல்லித் தருகிறோம் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து அக்காக்கள் எங்கள் கூடத்தில் குனிந்து உட்கார்ந்து தவளை போட்டார்கள். அம்மா எல்லோருக்கும் சுண்டல் செய்தாள். மார்கழி பிறப்பதற்குள் அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய், வாழை இலை எல்லாவற்றுக்கும் வாக்கு கிடைத்துவிட்டது. மிஸ்ஸும் கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னார்.

அப்பா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "மண்டபம்?" என்று மட்டும் கேட்டார்.

மண்டபம் சிதம்பரத்தில் ஒரு அம்மாவுக்குச் சொந்தம். சின்ன மண்டபம். அவருக்கு ஒரே கவலை, தெருப்பக்கத்துச் சுவர். திருவாதிரைக்கு ஊர் ஊராகக் கூட்டம் வரும். வருகிற ஆண்களில் பாதிப் பேர் அந்தச் சுவரைத்தான் தேடி வருவார்கள். 'இங்கு அசுத்தம் செய்யாதீர்' என்று எழுதிப் பார்த்தார். அந்த எழுத்தே அழிந்துபோனது.

"சாமி படம் வரைஞ்சு குடுங்க, கண்ணு. சாமிக்குப் பயப்படுவானுங்க."

அத்தை யோசித்தாள். "சாமிக்குப் பயப்பட மாட்டாங்கம்மா. கண்ண மூடிக்குவாங்க. நான் வேற போடுறேன்."

அரையாண்டு விடுமுறைக்கு நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம். சுவர் முழுக்க அவர்கள் பெண்களை வரைந்தார்கள். ஆளுயரப் பெண்கள், தோளோடு தோள் வரிசையாக, நேராக நம்மையே பார்த்துக்கொண்டு. எதிர்வீட்டு அம்மா, பூக்காரம்மா, பள்ளிக்கூட ஆயா, மண்டபத்து அம்மா, இடுப்பில் கை வைத்த என் அம்மா, அவள் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். திருவாதிரை அன்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஒரு ஆள் அவசரமாக வந்தார். வேட்டியில் கை வைத்தார். நிமிர்ந்தார். இருபது பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "சேதி ஒண்ணுமில்லம்மா," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மண்டபத்து அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. இரண்டு நாள் மண்டபம் மாமாவுக்கு என்று அங்கேயே சொன்னார்.

சமையல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் பெரிய கை அவர். பருத்த உடம்பு, தோளில் துண்டு, குரல் மட்டும் மெல்லியது. படத்துக்குச் சமைப்பீர்களா என்று மாமா கேட்டதும் அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நான் கேக்குற படம் போடுவீங்களா?"

"போடுறோம்."

"எத்தினியோ கல்யாணம் சமைச்சிருக்கேன். ஒரு பந்தியிலயும் உக்காந்து சாப்ட்டது கெடையாது. அடுப்ப வுட்டு வர முடியாது பாருங்க. நான் எலை போட்டு நடுவுல உக்காந்துருக்கணும். எனக்குப் பரிமாறணும். அப்படி ஒரு படம்."

அத்தை பேப்பரை எடுத்தாள். "யாரு பரிமாறணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டே சொன்னார். "எங்க மாமனாரு."

அத்தை அவர் மாமனாரைப் பார்த்ததே இல்லை. மூக்கு எப்படி, மீசை எப்படி, நடக்கும்போது எந்தத் தோள் தூக்கும் என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள். மாமா எதிரில் உட்கார்ந்து சமையல்காரரை வரைந்தார். கதவு அகலப் படம். தலைவாழை இலை முன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மாமனார் நெய்க் கிண்ணத்தோடு வளைந்து நிற்கிறார். படத்தைப் பார்த்ததும் அவர், "போதும், நெய் போதும்," என்று சொல்லிக் கையைக் குறுக்கே நீட்டினார். சொன்ன பிறகுதான் எங்களைப் பார்த்து வெட்கப்பட்டார்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டுடியோக்காரர், "படம் புடிக்கிறவன்கிட்டயே படம் குடுக்குறீங்களே," என்று மறுத்துவிட்டார். அதனால் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. தாலி செய்கிற ஆசாரியும் மறுத்தார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். தங்கம் தனக்கே கடையிலிருந்து காசுக்குத்தான் வருகிறது, அந்தக் கடையில் படம் வாங்கமாட்டார்கள் என்றார். அதில் தப்பும் இல்லை.

அன்று மாலை அம்மா அடுப்படியில் நின்று தன் தாலிச் சரட்டிலிருந்த தங்கக் காசுகளைக் கழற்றிவிட்டாள். அத்தையின் கையில் திணித்தாள். அதுவரை இந்த விளையாட்டையெல்லாம் சிரித்துக்கொண்டே நடத்திய அம்மா அப்போது சிரிக்கவில்லை.

"தம்பிக்கு நான் செய்யாம யாரு செய்வா? உங்கப்பாவுக்குத் தெரிய வேணாம்."

அத்தை காசுகளை எண்ணெய்ப் பிசுக்கோடு பொத்திப் பிடித்தபடி நின்றாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. பிறகு அவளே அதை அம்மாவின் சரட்டில் ஒவ்வொன்றாகக் கோத்தாள்.

"தெரியாம செஞ்சா நாங்க தோத்த மாதிரி அண்ணி. மஞ்சக் கெழங்கு இருக்குல்ல. அதுல கட்டிக்கிறேன்."

தை மாதத்தில் கல்யாணம். தவில்காரர் தன் தவில் உறையில் இரண்டு யாளிகள் வரைந்து வாங்கிக்கொண்டு, மற்றக் கல்யாணங்களைவிடச் சத்தமாக அடித்தார். கும்பகோணத்திலிருந்து மாமாவின் கூட்டாளிகள் வந்து போட்டோவுக்குப் பதிலாக மண்டபம் முழுக்க உட்கார்ந்து வரைந்தார்கள். சொந்தக்காரர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு, "என்னையும் போடு தம்பி, மூக்குத்தி தெரியணும்," என்று வரிசையில் நின்றார்கள். அந்தப் படங்களில் பல யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. ஒன்றில் நான் தேங்காய்ப் பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறேன் என்று அம்மா சொல்வாள். அது எங்கே என்று தெரியவில்லை.

முகூர்த்தத்துக்கு முன்பு ஹெட் கிளார்க் தட்டைப் பார்த்தார்.

"தங்கம் எங்க?"

"ஆசாரி படம் வாங்கலப்பா," என்றாள் அத்தை.

அவர் மஞ்சள் கயிற்றை எடுத்தார். கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"முடிச்சு லூசா இருக்கு," என்றார் ஹெட் கிளார்க். தன் கையாலேயே அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினார். பிறகு தட்டைத் தானே ஏந்திக்கொண்டு ஒவ்வொரு பெரியவரிடமும் ஆசீர்வாதத்துக்கு எடுத்துப்போனார்.

சாப்பாடு பிரமாதம். கடைசிப் பந்தியில் சமையல்காரரை உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள். "படத்துல சாப்ட்டாச்சு, இன்னும் செரிக்கல," என்று அவர் நழுவிவிட்டார்.

அன்று முழுக்க அப்பாவும் ஹெட் கிளார்க்கும் ஆளுக்கொரு பக்கம் பதற்றமாக நடந்துகொண்டே இருந்தார்கள். பந்தி முடிந்ததும் ஒவ்வொருவராகக் காசு கேட்டு வரப்போகிறார்கள் என்று இருவருமே காத்திருந்தார்கள் என்பது இப்போது புரிகிறது. யாரும் வரவில்லை. சமையல்காரர் படத்தைப் போர்வையில் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்து அம்மா வழியனுப்ப வந்து அத்தைக்குச் சேலை வைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு அப்பாவுக்கும், எனக்குச் சிதம்பரத்துத் தாத்தா ஆகிவிட்ட ஹெட் கிளார்க்குக்கும் உண்டான நட்பு எங்களுக்கு ஆச்சரியம். பலா சீசனில் அப்பா நல்ல பழமாகத் தேடிச் சிதம்பரத்துக்கு அனுப்புவார். பொங்கலுக்குப் பெண்ணாடத்திலிருந்து கரும்புக் கட்டு தாத்தா பெயரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கும். "பெரிய மனுசன்," என்று இவர் அவரைச் சொல்வார். "தங்கமான மனுசன்," என்று அவர் இவரைச் சொல்வார். மாமாவும் அத்தையும் சிதம்பரத்திலேயே வீடு எடுத்து, பிள்ளைகள் புத்தகங்களுக்கு வரைந்து நன்றாகத்தான் இருந்தார்கள், இருக்கிறார்கள். மளிகைக்குக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் பல் டாக்டர் இன்னமும் படம்தான் கேட்கிறாராம்.

போன வருடம் அப்பாவுக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன். தாத்தா, அந்த வயதில், பஸ் பிடித்துப் பார்க்க வந்தார். கண்ணில் கட்டோடு படுத்திருந்த அப்பாவுக்குத் திடீரென்று மனது இளகிவிட்டது.

"சம்பந்தி, இத்தினி வருசமா சொல்லணும்னு நெனச்சேன். அன்னைக்கு சமையலுக்கும் மண்டபத்துக்கும் நீங்க கமுக்கமா செட்டில் பண்ணீங்களே. புள்ளைங்க மனசு நோவக் கூடாதுன்னு. அத நான் மறக்கவே மாட்டேன்."

தாத்தா திடுக்கிட்டார். "நானா? நீங்கதான பண்ணீங்க! மண்டபத்தம்மாகிட்ட பர்ச தொறந்து குடுத்தத நான் என் கண்ணால பாத்தேன்."

"அது அவுங்க சில்லறை கேட்டாங்க. நீங்க சமையக்கட்டுக்குப் பின்னால அந்த ஆளு கையில மடிச்சுக் குடுத்தீங்களே?"

"அது வெத்தல, சம்பந்தி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தார்கள். எல்லாம் தெளிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். தாத்தா கிளம்பிப் போனதும் அப்பா கட்டுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"பாத்தியா? கடைசி வரைக்கும் ஒத்துக்கல. வெத்தலையாம். என்ன பெருந்தன்மை."

"அப்பா, யாருமே காசு குடுக்கல. அவுங்க படத்துக்குத்தான் செஞ்சாங்க. நான் கூடவே இருந்தேன்," என்றேன்.

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். குரலில் அவ்வளவு பரிவு.

"படத்துக்கு எவன்மா ஊருக்கே சோறு போடுவான்? புள்ளயப் பெத்தாச்சு, இன்னும் வெவரம் பத்தல உனக்கு."

சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. வீடு போய்ச் சேர்ந்த தாத்தா. அவர் பேசுவது கட்டில்வரை கேட்டது.

"உங்க வூட்டுக்காரரு மாதிரி ஒருத்தர பாக்க முடியாதும்மா. சில்லறை குடுத்தாராம், சில்லறை! இந்த வயசுலயும் பாருங்க, வெளிய காட்டிக்க மாட்டேங்குறாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தி, ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

"ஆமாங்க. அவுரு எப்பவுமே அப்படித்தான்."